கதவிடுக்கில் செருப்பு

காலையில் தண்ணீர் வராது என்று கட்டடக் காவல்காரர் சொன்னால் நாங்கள் வாளியைத் தேடுவோம். மூன்றாம் மாடி டாக்டர் நஜாத்தி மட்டும், "உனக்கு யாரு சொன்னது? அவனுக்கு யாரு சொன்னது?" என்று படிக்கட்டில் நின்று விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் தண்ணீர் நின்றுபோயிருக்கும்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இஸ்லாத்தின் முதல் நூறு வருஷ வரலாற்றைக் கெய்ரோவில் முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிற டாக்டர். அந்தக் காலத்துச் செய்தி ஒவ்வொன்றும் ஆள் மாற்றி ஆள் சொல்லி, சங்கிலியாக வந்தது. அந்தச் சங்கிலியில் யார் நம்பத்தக்கவர், யார் மறதிக்காரர், யார் பொய்யன் என்று தரம் பிரிப்பதுதான் அவர் தொழில். செத்து ஆயிரம் வருஷம் ஆனவர்களைத் தரம் பிரித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மனிதர் அதை வீட்டிலும் செய்தார்.

அவருக்கும் அவர் தம்பி ரிஃபாத்துக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல், பேச்சு வார்த்தை கிடையாது. ரிஃபாத் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பக்கத்தில் இருந்தது டாக்டரின் ஒரே மகன் தமீம். துக்கப் பந்தலில் அவன் அப்பாவின் காதோரம் குனிந்தான். பின் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

"பாபா, சித்தப்பா கடைசியா உங்களைத்தான் கேட்டாரு. அண்ணனை மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

"உன்கூட வேற யாரு கேட்டா?"

"நான் மட்டுந்தான் இருந்தேன்."

டாக்டர் வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னார். "இவன் பொய்யன். இவன் கொண்டுவர்ற செய்தி எடுபடாது."

பந்தல் முழுக்கக் கேட்டது. பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் அப்படிச் சொல்ல எப்படித்தான் நாக்கு வந்ததோ. தமீம் எழுந்து அலெக்சாந்திரியாவுக்குப் போனவன் திரும்பவே இல்லை. அம்மா சுஹேரோடு மட்டும் போனில் பேசுவான்.

அந்த வருஷம் நோன்பு மாதத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு டாக்டரைச் சரிபார்ப்பவராகப் போட்டிருந்தார்கள். கெய்ரோவுக்கு முன்பிருந்த ஃபுஸ்தாத் நகரத்தின் கதை. ஆதாரமில்லாததை அடிப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு காட்சியை அடித்துவிட்டார், அந்த இடம் காலியாகிவிட்டது, படப்பிடிப்பு மறுநாள். அன்று வீட்டில் மகனின் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்து அவரே ஒரு காட்சியை எழுதிக் கொடுத்தார். கோபித்துப் போன மகனுக்காக ஒரு தாய், பெருநாளுக்கு முந்தின மாலை, கதவிடுக்கில் செருப்பைச் சொருகித் திறந்தே வைக்கிறாள். விடிவதற்குள் மகன் வந்துவிடுகிறான். அப்படி ஒரு தாய் எந்த ஏட்டிலும் இல்லை.

கெய்ரோவே அழுதது. அடுத்த வருஷம் பள்ளிவாசல் மேடையில் அதை நடந்த வரலாறாகவே சொன்னார்கள். எங்கள் தெருவில் பெருநாள் மாலை பாதிக் கதவுகளில் செருப்பு. சுஹேரும் வைத்தாள். "இவர் கையில தப்பி வந்த செய்தின்னா அது நடந்ததாத்தான் இருக்கும்" என்பாள், பெருமையாக.

இரத்த அழுத்த மாத்திரை வாங்க என் மருந்துக்கடைக்கு வந்தவர் ஒருநாள், அந்தத் தாயைத் தானே உண்டாக்கிய கதையையெல்லாம் கொட்டினார்.

"சுஹேர்கிட்டச் சொல்லிர வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா கதவைச் சாத்திருவா. அவளுக்கு வேற என்ன இருக்கு?"

"உங்களுக்கு?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன நோன்பு மாதத்துக்கு முன்னால் அபீர் என்ற பெண்ணின் முனைவர் பட்ட ஆய்வு அவரிடம் பரிசோதனைக்கு வந்தது. உள்ளே அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். எவனோ ஒரு புண்ணியவான் ஐந்து பேர் கொண்ட சங்கிலியையும் அதற்குக் கோத்துவிட்டிருந்தான். வாய்மூடி இருந்தால் பொய் ஏட்டில் ஏறிவிடும். வாய் திறந்தால் சுஹேரின் கதவு சாத்திக்கொள்ளும். அவர் தூங்காததை மேல்மாடி விளக்கு எனக்குச் சொன்னது.

நோன்புக்கு முந்தின வாரம், பரிசோதனை நாளில் நானும் சுஹேரும் போயிருந்தோம். அபீரின் சொந்தக்காரர்கள் பாதி மண்டபத்தை அடைத்திருந்தார்கள். பின்னால் இனிப்புத் தட்டுகள், குளிர்பானப் பெட்டிகள். குலவையிடத் தயாராக நான்கு அத்தைமார்கள்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் செருப்புச் செய்தி பொய்யும்மா. உண்டாக்கினவன் நான்தான். நான் பொய்யன். நான் கொண்டுவர்ற செய்தி எடுபடாது."

மற்றொரு பரிசோதகரான கிழவர் சிரித்தார். "பொண்ணைச் சோதிக்கிறாரு. பதில் சொல்லும்மா."

அபீர் கெட்டிக்காரி. "பொய்யன் கொண்டுவர்ற செய்தி எடுபடாதுன்னா, இதை நான் உண்டாக்கினேன்னு அவர் சொல்றதும் எடுபடாதே, டாக்டர்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "இல்லம்மா, நிஜமாவே" என்று அவர் சொன்னது குலவையில் அமுங்கிப்போனது. மிகச் சிறந்த தகுதியோடு பட்டம். அவர் கையில் ஒரு தட்டு இனிப்பைத் திணித்தார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் அதைத் தின்றார், பாவம்.

என்னைத் தவிர, அவர் சொன்னதை நம்பியவள் சுஹேர் ஒருத்திதான். வீடு வரும்வரை அவருக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

பெருநாளுக்கு முந்தின மாலை, நான் சுட்ட கஹ்க் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சுஹேர் வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த அம்மா இல்லவே இல்லையா?"

"இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப இதை நான் எதுக்கு வைக்கணும்?" செருப்பைத் தரையில் போட்டுவிட்டு, போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க கூப்பிடுங்க. அவன் கதையில இருக்கிறவன் இல்ல, அலெக்சாந்திரியாவில இருக்கான்."

கூப்பிட்டார். கண் சரியாகத் தெரியாமல் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார். எடுத்தவனின் மூச்சு கேட்டது.

"தமீம். சித்தப்பா சொன்னதா நீ அன்னைக்குச் சொன்னியே. அதை நான் நம்புறேன். அன்னைக்கே உள்ளுக்குள்ள நம்பினேன்டா."

தமீம் நிதானமாக, மரியாதையாகவே கேட்டான்.

"உங்ககூட வேற யாரு இருந்தா, பாபா?"

டாக்டர் சுஹேரைப் பார்த்தார். சுஹேர் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? அவர் உள்ளுக்குள் நானா இருந்தேன்? போன் அணைந்தது.

டாக்டர் எழுந்தார். தரையில் கிடந்த செருப்பை எடுத்துக் கதவிடுக்கில் சொருகினார். நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.