வாசிகசாலைக்குப் போகாத அறிவித்தல்

எல்லாத்தையும் எழுதி எழுதி வைக்கிற ஆக்களை எனக்கு நம்பேலாது. நேர்மையான மனிசனுக்கு ஏன் இவ்வளவு கடுதாசி? உரும்பிராயிலை எங்கடை கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த முகாமையாளரை முதல் கிழமையே நான் கள்ளன் எண்டு முடிவுகட்டினதுக்குக் காரணம் அதுதான்.

பொருளாதாரத் தடையாலை வெள்ளைத்தாளைக் கண்ணாலை காணேலாத காலம் அது. பள்ளிக்கொப்பியின்ரை கோடு போட்ட ஒற்றையிலைதான் நாங்கள் தட்டெழுத்திலை கடிதம் அடிச்சனாங்கள். அந்த மனிசன் அதிலையும் பிரதி எடுத்து, திகதி போட்டு, கோப்பிலை கட்டும். பண்டத்தரிப்புப் பக்கத்து ஆள், மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சது. குரலே உயராது. எனக்கு அதுவும் பிடிக்கேல்லை.

நான் அங்கை நாலு வருஷமாய்த் தற்காலிக எழுதுவினைஞர். ஐயா செத்தபிறகு வீட்டிலை உழைக்கிறது நான் ஒருத்திதான். அந்த வேலை நிரந்தரமாகும் எண்ட நம்பிக்கையிலைதான் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தவ. அப்பிடி இருக்க ஒருநாள் காலமை இவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மடை இடத்தை நிரந்தரமாக்கிறதெண்டால் விளம்பரம் போடவேணும். சட்டம் அப்பிடித்தான் கிடக்கு. நாலு பொது இடத்திலை பதினாலு நாள் ஒட்டியிருக்கவேணும். நீரும் விண்ணப்பம் போடும்."

என்ரை கதிரைக்கு நானே விண்ணப்பம் போடுறதோ! ஆரோ தன்ரை ஆளைக் கொண்டுவந்து இருத்தப் போறார், அதுக்குத்தான் உந்தச் சட்டமும் கூத்தும் எண்டு நினைச்சன்.

சங்கத் தலைவர் எழுதிக் குடுத்த அறிவித்தலிலை "நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாய் இருத்தல் வேண்டும்" எண்டு ஒரு வரி இருந்தது. நல்ல குடும்பம் எண்டால் எங்கடை ஊரிலை சாதிதான். அது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். முகாமையாளர் அந்த வரியைச் சிவப்புப் பேனையாலை வெட்டினார். ஏன் வெட்டினது எண்டதையும் அடிச்சு, வெட்டின தாளோடை சேர்த்துக் கோப்பிலை போடச் சொன்னார். அப்ப அந்த வரிக்குள்ளை அடங்காத தன்ரை ஆள் ஒண்டை முந்தியே பிடிச்சு வைச்சிட்டார் எண்டு எனக்கு நிச்சயமாச்சுது.

நாலு பிரதி அடிச்சன். கொடிகாமம் சந்தைக்கு உள்ளதை அவரே சைக்கிளிலை கொண்டுபோனார். ஒண்டு எங்கடை கந்தோர் வாசலுக்கு. மற்றது ரெண்டையும் என்னட்டைத் தந்தார். ஒண்டு ஊர்ச் சந்தைக்கு, மற்றது ஊர்க்கோடியிலை இருக்கிற வாசிகசாலைக்கு. அந்தக் கோடியிலை இருக்கிற சனத்தை எங்கடை கோயில் வாசலுக்கு அங்காலை விடுறேல்லை. ஆனால் பின்னேரத்திலை அந்த வாசிகசாலையிலை ஏ.எல். சோதினை பாஸ் பண்ணின பொம்பிளைப் பிள்ளையள் வரிசையாய் இருந்து பேப்பர் வாசிக்குங்கள். தட்டெழுத்துப் படிச்சதுகளும் அதுக்குள்ளை இருந்ததுகள்.

சந்தையிலை ஒட்டியாச்சு. பசைப் பேணியோடை சந்தியிலை சைக்கிளை நிப்பாட்டினன். இடக்கைப் பக்கம் திரும்பினால் வாசிகசாலை. நான் நேரை போய்க் கோயில் உள்மண்டபத்துச் சுவரிலை ஒட்டிப்போட்டு வந்தன். அங்கைதானே சனம் கூட வரும் எண்டு எனக்கு நானே சமாதானம் சொன்னன்.

பதின்மூண்டாம் நாள் அவர் ஒவ்வொரு இடமாய்ப் போய்ப் பாத்து, அங்கங்கை நிண்ட ஆக்களிட்டை ஒப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்து தண்ணி குடிச்சிட்டு என்னைப் பாத்தார்.

"பிள்ளை, கோயிலுக்குள்ளை ஒட்டினால் அதை ஆர் காணேலாது?"

நான் குனிஞ்சு மெசினிலை ஒரு ஒற்றையைச் செருகினன். அவர் இருந்து என்னவோ எழுதிக் கோப்பிலை வைச்சார். திரும்பவும் பதினாலு நாள் நீட்டி, வாசிகசாலையிலை தன்ரை கையாலை ஒட்டினார்.

அதுக்குப் பிறகு அந்தக் கோடியிலை இருந்து ஒரு பிள்ளை விண்ணப்பம் போட்டாள். தட்டெழுத்துச் சோதினையிலை நான் ஒரு வரி அடிக்க அவள் ரெண்டு வரி அடிச்சாள். வேலை அவளுக்குப் போச்சுது. என்னை இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாய் வைச்சிருக்க முகாமையாளரே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு அனுமதி எடுத்தார். வாயை அடைக்கப் பாக்கிறார் எண்டுதான் அதையும் நான் எடுத்தன்.

பாத்தியளே, நான் சொன்னது சரிதானே எண்டு அம்மாவிட்டைக் கத்தினன். பேந்து இருந்து, எங்கடை ஊர் வழக்கப்படி, மேலிடத்துக்குப் பேர் போடாமல் ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினன். தன்ரை ஆளை முந்தியே தெரிவுசெய்து வைச்சுக்கொண்டுதான் நாளை நீட்டினவர், கோப்பு முழுக்கப் பொய் எண்டு கையெழுத்துப் பிடிபடாமல் இடக்கையாலை எழுதினன்.

ஒரு மாதத்துக்குள்ளை பரிசோதகர் வந்திட்டார். முகாமையாளர், புதுப் பிள்ளை, நான் எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் முன்னாலை கோப்பை விரிச்சார். வெட்டின வரி, வெட்டின காரணம், ஒப்பங்கள் எல்லாம் ஒழுங்காய் இருந்துது.

"ஏன் நாள் நீட்டினது?" எண்டு தன்பாட்டிலை கேட்டுக்கொண்டு ஒரு ஒற்றையை எடுத்து உரத்து வாசிச்சார்.

"ஒரு பிரதி வாசிகசாலைக்குப் பதிலாகக் கோயில் உள்மண்டபத்தில் ஒட்டப்பட்டது. அங்கு செல்ல விடப்படாதவர்கள் அதைக் காண முடியாது. ஆகவே காலம் நீட்டப்படுகிறது. எழுதுவினைஞர் இதை நல்லெண்ணத்துடனேயே செய்தார்."

பரிசோதகர் கண்ணாடிக்கு மேலாலை என்னைப் பாத்தார். "நீரும் விண்ணப்பம் போட்ட ஆள் எல்லோ? உதிலை எழுதிக் கிடக்கிறது சரிதானோ?"

பக்கத்து மேசையிலை புதுப் பிள்ளையின்ரை தட்டெழுத்துச் சத்தம் நிண்டுது. ஓம் எண்டால் வேலை. இல்லை எண்டால் அண்டைக்கே வீடு, நாளைக்கு அம்மா ஆரிட்டைப் போய்க் கை நீட்டுறது? முகாமையாளர் என்னைப் பாக்கேல்லை. கோப்புக் கட்டுற நாடாவை விரலிலை சுத்திக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா" எண்டன்.

"அப்ப நீரும் ஒரு ஒப்பம் வையும்" எண்டு பேனையை நீட்டினார் பரிசோதகர்.

அந்தக் கோப்பிலை பொய் கிடக்கெண்டு பெட்டிசம் எழுதினவள் நான். கிடந்ததுதான். நல்லெண்ணம் எண்டு எனக்காக அந்த மனிசன் எழுதின அந்த ஒரு வரி. அதுக்குக் கீழை வலக்கையாலை ஒப்பம் வைச்சன்.