யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் நானும், திருச்செங்கோட்டில் என்னோடு கல்லூரியில் படித்த தோழியும்தான். செயற்கை நுண்ணறிவை ஓட்ட விலை உயர்ந்த கணினிகள் வேண்டும். ஒரே கணினியைப் பல வேலைகள் இடிபடாமல் பங்கிட்டுக்கொள்ளச் செய்யும் மென்பொருளை நாங்கள் எழுதினோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று அதை இணையத்தில் திறந்தே வைத்தோம். முதலில் பரவட்டும், பராமரிப்புக்குக் காசு கொடுத்துப் பெரிய கம்பெனிகள் நம்மிடம்தானே வர வேண்டும் என்று நம்பினோம்.

பரவியது. முகம் தெரியாதவர்கள் பிழைகளைத் திருத்தி அனுப்பினார்கள். பிரேசில்காரர் ஒருவர் எங்களைவிட அதிகம் உழைத்தார்.

பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் அதை ஓட்டுவதாகத் தெரிந்து, வீடியோவில் பேச நேரம் வாங்கினோம். கீழே வெல்டிங் சத்தம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு வேர்த்து ஒழுக உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் பேசியவர் தமிழர். மனதாரப் பாராட்டினார்.

"எட்டு மாசமா ஓடுது மேடம், ஒரு தடவைகூட நிக்கல. அதனால சப்போர்ட் எதுவும் எங்களுக்குத் தேவைப்படல."

நன்றி சொல்லி முடித்தேன். தோழி எழுந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

"நல்லா எழுதுனது தப்பாப் போச்சு புள்ள. அடுத்த பதிப்பப் பூட்டிரலாம். வேணுங்கறவங்க லைசென்ஸ் வாங்கட்டும்."

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அப்படியே அறிவித்தோம். மறுநாள் காலை பிரேசில்காரரின் கடிதம் வந்தது. அதில் கோபமே இல்லை. நீங்கள் பூட்டினால் பழைய பதிப்பை எடுத்து நாங்கள் தனியே நடத்துவோம், அந்தப் பதிப்புக்கு நீங்கள் கொடுத்த உரிமமே அதை அனுமதிக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தவளே நான். திறந்திருந்தால் வாங்க ஆளில்லை. பூட்டினால் இருப்பவர்களும் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன்.

தோழிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்தில், "நீயும் வந்துரு," என்றாள்.

"அதை யாரு பாத்துக்கறது?"

"அது உன்னைய உடாது புள்ள," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

பிறகு, தங்களுக்கென்று புது வசதிகளைச் சேர்க்க அந்தப் பெங்களூர் நிறுவனமே என்னை வேலைக்கு எடுத்தது. அதே மாடி, அதே மென்பொருள். அவர்கள் கேட்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மற்றவர்கள் தெரிவித்த பிழைகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் பணிவாக நினைவூட்டுகிறார்கள். கம்பெனி ஜெயித்ததா என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது மென்பொருள் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அனுப்புமுன் பிரேசில்காரரிடம், மென்பொருளின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவரும் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாராம்; வெளி வேலை எதையும் தொடக் கூடாது என்று ஒப்பந்தமாம். மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பதினொரு பிழைகளையும் என் பெயருக்கு மாற்றியிருந்தார்.

ராஜினாமாக் கடிதத்தை அழித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பிழையைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.