ஏழு முறை செத்த மாக்

மார்பைப் பிடித்துக்கொண்டு அரைவட்டம் சுழன்று, மாக் சியூ-டோங் தேநீர்க் கடை மேசையில் சரிகிறார். கண்கள் பாதி திறந்தே இருக்கின்றன.

"யோவ் மாக், டீ ஆறுது. குடிச்சுட்டுச் சாவு," என்றபடி கடைக்காரர் ஹோ, வெண்ணெய் வைத்த பன்னை அவர் தலைமாட்டில் வைக்கிறார்.

பிணம் எழுந்து பன்னைக் கடிக்கிறது. "குண்டு பட்டதும் பொத்துன்னு விழறவன் கத்துக்குட்டி. முதல்ல ஆச்சரியப்படணும். 'எனக்கா?'ன்னு ஒரு பார்வை. அப்புறந்தான் விழணும்."

"ஆமாமா. உனக்கு நேரம் இருக்கு, சுட்டவனுக்கு வேற வேலை இருக்காதா?"

மாக்குக்கு எழுபத்தொரு வயது. ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சினிமாச் சண்டைக் குழுவில் இருந்தவர். ஹாங்காங்கே கொண்டாடிய ஒரு ரவுடிப் படத்தில் கதாநாயகன் நாற்பது பேரைக் கொல்ல வேண்டியிருந்தது. குழுவில் இருந்ததோ ஒன்பது பேர். ஆகவே ஒட்டுமீசையோடு ஒருமுறை, கறுப்புக் கண்ணாடியோடு ஒருமுறை, சமையல்காரர் தொப்பியோடு ஒருமுறை என்று ஆளுக்கு நாலைந்து சாவு. மாக் மட்டும் ஏழு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பதக்கம் வாங்கியவரின் அடக்கம் தெரியும்.

பிணமாக நடிப்பவருக்குத் தோஷம் கழிய, சிவப்பு உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த உறையோடு வீட்டுப் படியேற மனைவி யுக்-லான் விட்டதில்லை. "போய் எதையாவது தின்னு தீர்த்துட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தப் படத்தையும் அவள் பார்த்ததே இல்லை. "உங்க சாவை நான் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?"

போன மாதம் படத்தைப் புதுப்பித்து மறுபடி திரையிட்டார்கள். மாக் பதினொரு நாள் கெஞ்சினார். கடைசியில், "நான் என்ன வேலை செஞ்சேன்னு ஒரே ஒரு தடவை நீ பாக்க வேண்டாமா?" என்றார். யுக்-லான் போய்ப் பச்சைப் பட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பழைய படச்சுருளில் புகையும் கீறலும் முகங்களை மறைத்திருந்தன. புதுப்பித்ததில் எல்லாம் துலக்கி வைத்த பாத்திரம்போல மின்னியது. மாக்கின் மூக்கோரத்து மச்சமும் மின்னியது. மூன்றாவது சாவில் பின்வரிசைப் பெண் ஒருத்தி, "ஐயோ, இந்த ஆளு இப்பத்தானே செத்தான்!" என்றாள். நான்காவதில் அரங்கமே சிரித்தது. ஐந்தாவதில் எல்லோரும் சேர்ந்து "அஞ்சு!" என்று கூவினார்கள்.

நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்த மாக் இருக்கைக்குள் சுருங்கிப்போனார். யார் முன்னால் மதிப்பாகத் தெரிய வேண்டும் என்று ஏங்கினாரோ, அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

"வா, போயிடலாம்."

"உக்காருங்க. ஏழுன்னுதானே சொன்னீங்க?" அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "சிரிக்கறதா இருந்தா நல்லா சிரிங்க. ஆனா கணக்கை விட்டுடாதீங்க. அது என் வீட்டுக்காரர். இனிமே வர்றது ஆறு."

ஆறாவது சாவுக்குக் கைதட்டல் கிடைத்தது.

ஏழாவது, நாலாம் மாடிப் பால்கனி. கதாநாயகன் உதைக்கிறான். மாக் விழுகிறார், துணி காயும் மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டு விழுகிறார். கீழே மெத்தையும் இல்லை, காட்சியை நடுவில் வெட்டி ஒட்டவும் இல்லை. கடைசிக் கழி விலாவில் இடித்த ஓசை அரங்கம் முழுக்கக் கேட்டது. அந்த நாளில், மீன் சந்தையில் வழுக்கி விழுந்ததாக யுக்-லானிடம் சொல்லி அவர் ஆறு வாரம் படுத்துக் கிடந்தாரே, அது இந்த விலாதான்.

"ஏழு" என்று யாரும் கூவவில்லை.

குட்டு வெளிப்பட்ட பயத்தில் மாக் மெல்ல மனைவியைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கையை மட்டும் நீட்டி, அவர் கண்கள் இரண்டையும் இறுகப் பொத்தினாள்.