கிறகோரியின் மண்ணெண்ணெய் வரிசை

கிறகோரியின் இடது கை கலனின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கை பீப்பாயின் குழாயைப் பாதிக்குமேல் திறக்கவில்லை. புனலில் எண்ணெய் ஏறியதும் குழாய் அடைபடும், வடிந்தபின் திறபடும். அளவுக்கோட்டைத் தொட்டதும் மூடியை முறுக்கி, அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார்.

"கெதியாய் ஊத்தினால் என்ன, கையிலை வாதமோ?" வரிசையில் நின்ற பஞ்சலிங்கம் கத்தினார்.

"கெதியாய் ஊத்தினால் நிலத்துக்கும் பங்கு போகும், அண்ணை," என்றார் கிறகோரி.

நாடே எரிபொருளுக்குத் தவம் கிடந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டு அது. புத்தூர்ப் பக்கத்துக் கமநல நிலையமொன்றில், கமக்காரருக்கான அந்த அரச கந்தோரில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். அலுவலர் வந்து பயிரைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் கிறகோரியிடம் இலக்கத் துண்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. இதைக்கூடத் தாங்கமாட்டாத பெரிய மனிதர்கள், "கந்தோர் எண்டால் ஆமைதானே" என்று நக்கலடித்தார்கள். அந்த ஆமை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடக்கிறது என்பதுதான் அவர்களின் வயிற்றெரிச்சல்.

கிறகோரி பாசையூரார், இந்த ஊருக்கு வெளியாள். காவலாளியாகச் சேர்ந்து, சுற்றுநிருபங்களைத் தானே படித்துப் படித்துக் களஞ்சியப் பொறுப்புக்கு வந்தவர். ஊர்க் கலியாணங்களுக்குப் போகமாட்டார். ஒரு மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாலும் வாங்கமாட்டார். வறண்ட மனிசன் என்று ஊர் சொல்லும். ஊரின் அகராதியில் ஈரமான மனிசன் என்றால், முன்னால் நிற்பவனைத் தள்ளிவிட்டு நம்மைக் கூப்பிடுகிறவன்.

அன்று கோயில் தர்மகர்த்தா கனகசபாபதியின் கார் நிலையத்தின் வாசற் படலையடியில் வந்து நின்றது. ஊருக்கே பெற்றோல் இல்லாத நாளிலும் அதற்கு இருந்தது. கோயிலில் முதற் காளாஞ்சி அவருக்குத்தான். வெற்றிலை பாக்கோடு தட்டம் அவர் நிற்கும் இடத்துக்கே போகும். அந்தப் பழக்கத்தில், இங்கேயும் யாராவது வந்து அழைப்பார்கள் என்று கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார். துண்டு எடுக்க இறங்கவில்லை. ஆயுள் முழுக்கக் கிடைத்த மரியாதை அவருக்கு இந்த மடத்தனத்தைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

பீப்பாயைச் சரிக்க வேண்டிய நிலை வந்தது. இன்னும் ஒரு கலனுக்கு மட்டுமே எண்ணெய் இருந்தது. அடுத்த இலக்கம் குணலட்சுமியுடையது. குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டிருந்தாள். தாள் நுனி பழுத்துவிட்டது. இன்று இறைக்காவிட்டால் பயிர் முடிந்தது. காணி கனகசபாபதியுடையது.

பீப்பாய் சரிவதைக் கண்டதும் அவர் இறங்கி வந்தார்.

"கிறகோரி, என்னைக் கூப்பிடேல்லையே?"

"துண்டு எடுத்த ஆக்களைத்தான் கூப்பிடுறது, ஐயா."

"நான் வந்து நிக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"காளாஞ்சித் தட்டம் வருமெண்டு இருந்திட்டார், பாவம்," என்றார் பஞ்சலிங்கம்.

வரிசை சிரித்தது. குணலட்சுமி சிரிக்கவில்லை. அடுத்த போகத்துக்கும் காணி வேண்டும். அவள் ஒதுங்கி நின்று, "ஐயா முதல் எடுக்கட்டும்," என்றாள்.

கிறகோரி தலை நிமிரவில்லை. "உந்த இலக்கத்தை ஒருத்தருக்கும் மாத்திக் குடுக்கேலாது, தங்கச்சி. உங்களுக்கு வேண்டாமெண்டால் எண்ணெய் திரும்பக் களஞ்சியத்துக்குப் போகும். ஐயாவுக்குப் போகாது."

"இந்த ஊரிலை உமக்கு ஆர் காணும் இருக்கினம்?" கனகசபாபதியின் குரல் உயர்ந்தது.

"ஒருத்தரும் இல்லை, ஐயா. அதுக்குத்தானே என்னை இஞ்சை போட்டிருக்கினம்."

குணலட்சுமி தர்மகர்த்தாவைப் பார்த்தாள். "நான் என்ன செய்யிறது, ஐயா? கந்தோர் விடேல்லையே."

அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் தேவைப்படவில்லை. கந்தோரின் பெரிய உபகாரம் அதுதான்: ஏழையின் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும். தர்மகர்த்தா யாரை முறைப்பது என்று தெரியாமல் நின்றார். அவளை முறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. விதியை முறைக்க அதற்கு முகமில்லை.

"நாளைக்குக் காலமை வந்து துண்டு எடுங்கோ, ஐயா," என்ற கிறகோரி, பீப்பாயை இன்னும் சரித்துக் கடைசித் துளி வடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு கலனைத் துணியால் துடைத்து, பிடி அவள் பக்கம் வரத் திருப்பிக் கொடுத்தார்.