தானா சரியாயிடும்

வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு கணினிக் கோப்பையும் மூன்று கணினிகளில் மூன்று பிரதியாக வைப்பார்கள். ஒன்று தொலைந்தால் எச்சரிக்கை வரும். மற்றதைப் பார்த்துக் கணினியே புதிதாக எழுதிக்கொள்ளும். ஆடுகோடி அலுவலகத்தில் அந்த எச்சரிக்கைகளைக் கவனிப்பதே தமயந்தியின் ஆறு வருடப் பிழைப்பு. 'தானா சரியாயிடும்' என்று குறிப்பெழுதி மூடுவாள், ஆகியும்விடும்.

இன்று ஒரு வாடிக்கையாளரின் நாலாயிரம் படங்கள் எங்குமே இல்லை. எந்தப் புண்ணியவான் கோட்டைவிட்டான் என்று கறுவிக்கொண்டே பழைய பதிவுகளைத் தோண்டினாள். பிப்ரவரியில் அந்தப் படங்களுக்கு மட்டும் யாரோ நிறுத்திவைத்த தானியங்கிச் சீரமைப்பு மறுபடி ஓடவே இல்லை. மார்ச்சில் ஒரு பிரதி போயிருந்தது, ஜூனில் ஒன்று, நேற்றுக் கடைசியும். மூன்று எச்சரிக்கைக்கும் கீழே அதே குறிப்பு, அவள் பெயரில்.

"கெடச்சுதா மேடம்?" என்றான் பக்கத்து இருக்கை பரத்.

அவள் வாய் திறப்பதற்குள் புது எச்சரிக்கை வந்தது. விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டின: தானா சரியாயிடும்.