எச்சில் தொட்டுத் திருப்பிய பக்கங்கள்

எனக்கு முதல் குமட்டல் ஒரு விருந்தைப் பற்றிப் படிக்கக் கேட்டபோது வந்தது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரோடு மினி பஸ் திரும்பிவிடும். மதியம் கடைசி நிறுத்தத்தில் வெகுநேரம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து புத்தகம் படிப்போம். கண்டக்டர் குமரேசன், பள்ளிக்கூட ஆசிரியர் ஜெபராஜ் சார், மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற நான். புத்தகம் ஒன்றுதான். ஒருவர் சில பக்கங்களைச் சத்தமாகப் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார்.

எழுத்தாளர்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். எந்தக் கதையானாலும் சோறும் குழம்பும் எழுதுபவர் விருந்துக்காரர். பக்கத்துக்குப் பக்கம் நனைய வைப்பவர் மழைக்காரர்.

“விருந்துக்காரரு கதையில சாவு விழுந்தாக்கூட எட்டு வகை ஆக்கிப் போடறாருங்க,” என்பான் குமரேசன்.

“உங்க மழைக்காரர் மட்டும் என்ன? ஒரு கல்யாணத்தையாவது ஒழுங்கா நடத்த விட்டாரா? தாலி கட்டுற நேரம் பாத்துப் பந்தல் ஒழுகுது,” என்பார் சார். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர். கேலி செய்யும்போதும் முகம் சிரிக்காது.

அன்று குமரேசன் விருந்துக்காரரைப் படித்துக்கொண்டிருந்தான். கறிக்குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கிறது என்ற இடத்தில், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

“ஏனுங்கண்ணா, எழுத்துப் புடிக்கலைன்னா வாயில சொல்லலாமுங்க. இப்படியா சொல்லுவாங்க?” என்றான் குமரேசன். நானும் சிரித்தேன். காலையில் தின்ற கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்திருந்தால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பட்டதை மட்டும் சொல்கிறேன். அருவருப்பாக இருக்கும். முகம் சுளித்துக்கொண்டே படியுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே நாறியது. தாளிக்கிற வாசனை வந்தால் தோட்டத்துக்கு ஓடினேன். தேத்தண்ணி சாக்கடைத் தண்ணீர் போலிருந்தது. என் மனைவி பாசத்தோடு பிசைந்து வைத்த சோற்றைப் பார்த்து, யாரோ மென்று துப்பியது என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் பவித்ராதான் கண்டுபிடித்தாள். “அப்பா, உங்க கண்ணு மஞ்சளா இருக்குது.”

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிலிரூபின் (ரத்தத்தில் சேர்கிற மஞ்சள் பொருள்) ஏறியிருந்தது. டாக்டரம்மா கல்லீரல் அழற்சி (கல்லீரல் வீங்கிப் புண்பட்ட நிலை) என்றார்.

“வேற யாருக்காவது இருக்கா?”

“குமரேசன்னு சிநேகிதன் ஒருத்தனுக்குப் போன மாசம் இருந்துச்சுங்க. தேறிட்டானுங்க. சூட்டுல வந்ததுன்னு சொன்னான்.”

“ஒண்ணாச் சாப்பிடுவீங்களா?”

“இல்லீங்க. ஒண்ணாப் படிப்போமுங்க.”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பரிசோதனைத் தாள்களை என்னிடம் நீட்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தேன்.

“இப்ப என்ன செஞ்சீங்க?” என்றார்.

“தாளைப் பிரிச்சேனுங்க.”

“அந்த விரலை எங்க வெச்சீங்க?”

விரலை வேட்டியில் துடைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி நோயாளியின் மலத்தோடு வெளியே வரும். கை சரியாகக் கழுவாவிட்டால் விரலில் தங்கும். விரல் பட்ட இடத்திலும் இருக்கும். அங்கிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும். கண் மஞ்சளாவதற்கு முன்னால்தான், நோய் வந்தது அவனுக்கே தெரியாத நாட்களில்தான், அதிகமாகப் பரவும்.

“தண்ணியில வந்துச்சா, புத்தகத்துல வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இந்தப் பழக்கத்தை இன்னிக்கே விடுங்க,” என்றார். தனி மருந்து இல்லை, ஓய்வுதான், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், கேட்காமல் எந்தப் பச்சிலையும் குடிக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மலம் என்ற அந்த ஒரு சொல் தலைக்குள்ளேயே நின்றது.

குமரேசன் டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொடுவான். அதே விரலால் பக்கம் திருப்புவான். அவனைப் பார்த்துத்தான் அந்தப் பழக்கம் எனக்கு வந்தது. எங்கள் புத்தகங்களின் ஓரமெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்திருக்கும். நன்றாகப் படிக்கப்பட்ட புத்தகம் என்று அதைப் பெருமையாகக் காட்டுவோம். அவன் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு நான் மூட்டை தூக்கியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் எழுந்து ஓடினேன். வாந்தியில் கசப்புத் தண்ணீர் மட்டும் வந்தது.

தலைமாட்டில் இருந்த புத்தகங்களைப் பவித்ராவைத் தொடவிடாமல் நானே சாக்கில் கட்டி வெளியே வைத்தேன். பிறகு சோப்புப் போட்டுக் கையைத் தோல் எரியும்வரை தேய்த்தேன்.

அடுத்த ஞாயிறு குமரேசன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

“அண்ணா, எங்கிட்ட இருந்து ஒட்டியிருக்கும்னு சார் சொன்னாருங்க.”

“உன்னைப் பாத்தாலே கொமட்டுது குமரேசா. போயிரு.”

வாசலில் செருப்புச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டான் என்று நினைத்தேன். இனி அந்த பஸ்ஸில் எனக்கு இடமில்லை, எனக்கே அங்கே உட்காரப் பிடிக்காது என்றும் நினைத்தேன். மலையில் மிளகு விலை பேசப் பலர் உண்டு. ஒரு கதையில் வந்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று என்னோடு சண்டை போட அந்த இரண்டு பேர்தான்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. “சரீங்கண்ணா. பாக்க வேண்டாம். காதுல கேட்டாப் போதுமுங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் தன் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து, விருந்துக்காரரை விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் வாய் திறக்கும் ஓசைகூட எனக்குப் பிடிக்கவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அவன் படித்தான்.

“இங்க பந்தி போடறாங்க. தாண்டிட்டேனுங்க,” என்றான். பக்கம் புரண்டது. “இன்னமும் தின்னுட்டுத்தான் இருக்காங்க. அதையும் தாண்டிட்டேன்.” இன்னொரு பக்கம். “இப்பக் கை கழுவறாங்க. சோப்புப் போட்டாங்களான்னு அந்த மனுசன் எழுதலீங்க.”

போர்வைக்குள் சிரித்துவிட்டேன். வலது விலாவுக்குக் கீழே வலித்தது.

ஒரு ஞாயிறு சாரும் அவனோடு வந்தார். “அண்ணாச்சி, பயப்படாதீங்க. இப்ப டிக்கெட்டுக்கு ஈரப் பஞ்சு வெச்சிருக்கான். வாயில விரல் போனா வேலையை விட்டு நீக்கிருவேன்னு சொல்லியிருக்கேன்,” என்றார்.

“இவரு எனக்கு எந்த ஆபீசுல முதலாளியோ தெரியலீங்க,” என்றான் குமரேசன்.

கண்ணில் மஞ்சள் மெல்ல இறங்கியது. ஆனால் ருசி வரவில்லை. கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன்.

பிறகு ஒரு நாள் அவன் வழக்கம்போல, “சாப்பிட உக்காந்துட்டாங்க, தாண்டறேனுங்க,” என்றான்.

“என்ன சாப்பிடறாங்க?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவன் பக்கத்தைப் பின்னால் திருப்பினான். “ரசமுங்க. சுடுசோத்துல ஊத்தறாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க.”

என் மனைவியைக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொன்னேன். அவள் என் முகத்தை நம்பாமல் பார்த்தாள். அன்று தின்றது வயிற்றில் நின்றது. முன்பு அவள் சோற்றைப் பழித்த பேச்சுக்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது தேறிவிட்டேன். ஆனால் பழைய உடம்பு திரும்பி வந்தது என்று சொல்லமாட்டேன். கல்லீரல் எங்கே இருக்கிறது என்று முன்பு எனக்குத் தெரியாது. இப்போது மேட்டுத் தோட்டத்துக்கு ஏறும்போது பாதியில் நிற்கிறேன். விலாவுக்குக் கீழே கைவைத்து, அது சரி என்று சொல்லும்வரை உட்கார்ந்திருக்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பு நிற்காமல் அவசரமாக ஏறிய நாட்களில் வழியில் எதைப் பார்த்தேன் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் நினைவில் இல்லை.

அருவருப்பும் முழுதாகப் போகவில்லை, பிள்ளைகளே. உங்களுக்கும் போகாவிட்டால் கெட்ட மனசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் குமரேசன் பக்கத்தில் வந்து உட்காரும்போது இன்றைக்கும் என் வயிறு ஒரு முறை இறுகுகிறது. அது தளரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். பிறகு அவன் தோளோடு தோள் ஒட்டி, அவன் மடியில் விரித்திருக்கும் பக்கத்தை நானும் படிக்கிறேன்.