உப்பு இறங்கிய செங்கல்

செங்கல்லை நாக்கில் வைத்துச் சோதித்த ஒருவரை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் பெண்கள் குழுவுக்குத் தலைவி. முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மேஸ்திரியம்மா. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, உப்பளப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு பால்வாடி கட்ட இன்ஜினியராகப் போயிருந்தேன். கடலோரம் முழுக்க வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால் புதுச் செங்கல் கிடைக்கவில்லை. அலை சாய்த்த பழைய பள்ளிக்கூடமோ பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தது. அதை வாரிக் குழியில் தள்ள ஜேசிபியை வரவழைத்தவன் நான்தான்.

மேஸ்திரியம்மா குறுக்கே வந்து நின்றார். "ஏன் சார் கொட்றீங்க? கல்லு முழுசாத்தானே இருக்குது?"

உண்மைதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். தட்டினால் காரை உதிர்ந்து கல் சேதமில்லாமல் கையில் வந்தது. "கடல் தண்ணி குடிச்ச கல்லும்மா. சுவரு உப்பு பூத்து உதிர்ந்துடும்" என்றேன்.

"உப்பப் பத்தி எங்களுக்கே சொல்றீங்களா?" என்று சிரித்தார். "தண்ணியில போட்டா எறங்கிடப் போகுது."

ஜேசிபியைத் திருப்பி அனுப்பினேன். உப்பள வேலை நின்றிருந்த மழை மாதங்கள் அவை. பெண்கள் கற்களை நல்ல தண்ணீர் ஏரியில் ஊறப்போட்டுக் காயவைத்தார்கள். ஒரு சோதனைச் சுவர் எழுப்பினோம். பத்தே நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மேலதிகாரி வேலையை நிறுத்தச் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேஸ்திரியம்மா அசரவில்லை. "ஒரு தடவ பத்தல சார், அவ்ளோதான்." தை பிறந்தால் உப்பளம் தொடங்கிவிடும், பால்வாடி எழாவிட்டால் அவருடைய இரண்டு வயது மகளும் வெயிலில் பாத்தி வரப்பில்தான் கிடக்க வேண்டும். மேலதிகாரியிடம் தை வரை தவணை கேட்டு வாங்கினேன். கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, கார்த்திகை மழை முழுவதும் அவற்றின் மேல் இறங்கவிட்டோம். காயவைத்த கல்லை அவர் நாக்கில் வைத்துத் தலையசைத்த பிறகே இரண்டாவது சுவர் எழுந்தது. அது பூக்கவில்லை. பால்வாடியைச் சிமெண்டைத் தவிர்த்துச் சுண்ணாம்பிலேயே கட்டினோம். "நாளைக்கு யாராச்சும் பிரிச்சா அவங்களுக்கும் கல்லு கெடைக்கட்டும்" என்றார்.

இன்று என் வரைபடங்களில், ஒரு கட்டடத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் தனித் தாள் உண்டு. கற்றவர்கள் அதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

பால்வாடி திறந்த காலையில் மேஸ்திரியம்மா மகளைப் பாயில் உட்கார வைத்தார். குழந்தை அழவில்லை. "வர்றேன் சார், பாத்தி காத்துக்கினு இருக்குது" என்றவர், இடுப்பில் பிள்ளையில்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு உப்பளம் நோக்கி நடந்தார்.